உள்ளங்கையில் ஓர் இயந்திரம்

"மாஸ்ரர், ஒரு சாமானையும் இழுக்காத, ஒரு பிடி மாவையும் அரைக்காத இயந்திரத்தைக் காசு செலவழித்துச் செய்து என்ன கண்டது?"

சில மாதங்களுக்கு முன் தந்தையார் ஒருவர் நம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து கேட்ட கேள்வி இது. அவருடைய மைந்தன் உயர்தர வகுப்பிலே கணிதம் பயில்பவன். மேசைமேல் வைக்கத்தக்க சிறிய கடைசல் இயந்திரமொன்றை, பட்டறைகளிலே 'லேத்' என வழங்குவதை, வாங்க வேண்டும். அதனைக்கொண்டு நீராவியால் இயங்கும் மாதிரி இயந்திரமொன்றைத் தன் கையாலேயே ஆக்க வேண்டும். இதுவே அவன் ஆசை. மகனுடைய விருப்பத்தைத் தடுக்கத் தந்தைக்கு மனமில்லை; வீண் செலவு செய்யவும் மனமில்லை. அவருக்கு நாம் சற்றே யோசித்துக் கூறிய விடையை இவ்வாரம் வாசக நேயர்களுடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

உலகின் போக்கை மாற்றிய நீராவி இயந்திரம், ஓட மறுத்த ஒரு மாதிரி இயந்திரத்தின் முன்னிலையிலேதான் கருக்கொண்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பௌதிக வகுப்பிலே, நியூகொமன் என்பார் ஆக்கிய இயந்திரத்தின் சிறிய மாதிரியொன்று இருந்தது. அதன் உருளை 2 அங்குல விட்டமுடையது. முசலம் ஏறியிறங்குந் தூரம் 6 அங்குலம். இலண்டனுக்கு அனுப்பியும் அது சீர்ப்படவில்லை. 1763 – 64 ஆம் ஆண்டுகளின் மாரிகாலத்திலே, அப்பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்து கொடுத்துவந்த ஜேம்ஸ் வாற்றின் கைக்கு அது வந்தது. அவர் பழுதை நீக்கினார். ஆயினும் இயந்திரம் சில தரம் அடித்து ஓய்ந்தது. கொதிகலம் போதிய அளவினதாகத் தோன்றியும், நீராவி போதவில்லை.

மற்றொருவராயின், "விளையாட்டுப் பொருள்தானே" என்று அதனை மூலையிலே வைத்திருப்பார். வாற்று அதன் காரணத்தை ஆராய்ந்தார். நியூகொமன் இயந்திரத்திலே, உருளையினுள் நீராவியைச் செலுத்தியபின் அவ்வுருளைக்குள்ளேயே குளிர்நீரைப் பீச்சுவார்கள். நீராவி ஒடுங்கும், உள்ளே வெற்றிடமுண்டாகும், வெளிவளியின் அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளும். ஒவ்வோர் அடிக்கும் உருளை குளிர்ந்து, மறு அடிக்கு மீண்டும் சூடேற வேண்டும். அவ்வாறு சூடேற்றுவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாகிவிடும்.

இவ்விரயம் மாதிரியிலே மிகுதியாய்த் தோன்றியது ஏன்? மாணவர்கள் இதனைக் கணக்கிட்டே காணலாம். ஓர் உருளையின் நீள அகலங்களையெல்லாம் பத்திலொன்றாகக் குறைத்தால், அதன் பரப்பளவு நூற்றிலொன்றாகும், கனவளவோ ஆயிரத்திலொன்றாகும். ஆகவே உள்ளிருக்கும் நீராவியின் அளவோடு ஒப்பிடுமிடத்து, அதனைக் குளிர்விக்குஞ் சுவர் பத்துமடங்காகிவிடுகின்றது. பெரிய இயந்திரத்திலே மறைந்துகிடந்த குற்றத்தைச் சிறிய இயந்திரம் கண்முன்னே காட்டிக்கொடுத்தது. 1765 ஆம் ஆண்டு மே மாதத்திலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உலாவச் சென்றபோது வாற்றுக்குத் தீர்வு தோன்றிற்று. நீராவியை உருளைக்குள் ஒடுக்காமல் வேறொரு பாத்திரத்திலே ஒடுக்கினால் உருளை எப்போதுஞ் சூடாகவே இருக்குமன்றோ? பெரிய பித்தளைப் பீச்சுக்குழலொன்றையே உருளையாக வைத்து அவர் அதனைச் சோதித்துப் பார்த்தார்.

கருத்து ஒரு பொழுதிலே பிறந்தது. ஆனால் அவருடைய இயந்திரங்கள் தொழிற்றலங்களிலே ஓடத் தொடங்கியதோ 1776 ஆம் ஆண்டிலே. இடையிலே கழிந்த 11 ஆண்டுகளுக்குப் பணமுடை ஒரு காரணம். முசலம் இறுகப் பொருந்தத்தக்க வட்டமான பெரிய உருளையைக் குடைந்து கொடுப்பாரில்லாமை மற்றொரு காரணம். ஜோன் வில்கின்சன் ஆக்கிய துளைபொறியே பின்னர் அக்குறையைத் தீர்த்து வைத்தது. பேரறிஞன் மூளையும் ஒரு கைவினைஞன் கையை நோக்கிக் காத்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அன்று பெரும் பட்டறைகள் பட்ட பாட்டைச் சிற்றளவிலே தாமே பட்டுப் பார்ப்பதைத்தான் மாதிரி இயந்திரம் செய்வோர் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கின்றனர். இங்கிலாந்திலே இக்கலைக்கெனப் பேர்சிவல் மார்ஷல் என்பவர் 1898 ஆம் ஆண்டிலே 'மொடல் எஞ்சினியர்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். எழுதுவினைஞரும் ஆசிரியரும் வைத்தியரும் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலிலே மாலை வேளைகளைக் கழித்து, மாதக்கணக்காய், சிலர் ஆண்டுக்கணக்காய், இயந்திரங்களை ஆக்கினர். 1920களிலே அவர்களிடையே பெரும் விவாதமொன்று மூண்டது. இரண்டரை அங்குல அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடும் சிறு புகையிரத இயந்திரமொன்று, நிலக்கரியை எரித்து, உயிருள்ள மனிதரை இழுக்குமா? 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதியவர் இழுக்கும் என்றார். 'ஆயிஷா' என்னுந் தமது சிற்றியந்திரத்தைக்கொண்டு இழுத்துங் காட்டினார். பெரியதை அப்படியே சுருக்கினால் கொதிகலக் குழாய்கள் ஊசித்துளைகளாகிப் புகை செல்ல வழியின்றிப்போம். எண்ணிக்கையைக் குறைத்து, அகலத்தைக் கூட்ட வேண்டும். இயற்கையின் விதிகள் நம் அளவுகோலுக்கேற்பச் சுருங்குவதில்லை. வாற்றுக்கு உருளை கற்பித்ததும் இப்பாடமேயாம்.

தொடங்குவோர்க்கு ஏற்றது ஊசலாடும் உருளையுடைய இயந்திரம். இதற்கு வேறாக வால்வு வேண்டியதில்லை. உருளை ஓர் ஆணியைச் சுற்றி இங்குமங்கும் ஆடும். ஆடும்போது அதன் முகத்திலுள்ள துளை, எதிர்முகத்திலுள்ள நீராவித் துளையோடும் கழிவுத் துளையோடும் மாறிமாறிப் பொருந்தும். எண்ணிப் பார்த்தால் எளிது. செய்து பார்த்தால் அரிது. இரு முகங்களும் தட்டையாயிருத்தல் வேண்டும். முகத்துக்கு இணையாக உருளையைக் குடைதல் வேண்டும். முசலம் இறுகவுங் கூடாது, தளரவுங் கூடாது. அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கை இங்கே கருத்திற்கொள்ள வேண்டும். பரிசோதனைச் சாலையிலே கம்பியின் விட்டத்தை அளந்து புள்ளி பெற்றதும் மறந்துவிடும் நுண்மானித் திருகுக் கணிச்சி இங்கே உயிர்த்தோழனாகின்றது. செம்மையாய் அமைந்த சிற்றியந்திரம் வாயால் ஊதினாலே சுழலும், அமையாததோ அசையாது. மன்றாடியும் பயனில்லை, சாட்டுச் சொல்லியும் பயனில்லை.

இவ்விடத்திலே நம் குறையொன்றையும் ஒளியாது கூற வேண்டும். நீராவி இயந்திரத்தின் படத்தைக் கரும்பலகையிலே பல ஆண்டுகளாய் வரைந்து கற்பித்தவர் நாம். ஒருநாள் ஓரங்குலப் பித்தளைத் துண்டொன்றைப் பிடிசிராவியிலே இறுக்கி, அரத்தால் அராவி ஒரு முகத்தைத் தட்டையாக்க முயன்றோம். ஒரு மணி நேரங் கழித்து மட்டத்தை வைத்துப் பார்த்தால், அம்முகம் கோழிமுட்டையின் முதுகுபோல் நடுவிலே உயர்ந்திருந்தது. நேரே தள்ளுவதாக எண்ணினோம். அரமோ ஊஞ்சல் ஆடியிருந்தது. பட்டம் பெற்ற தலைக்கும் பழகாத கைக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தச் சிறு துண்டு அளந்து காட்டிற்று. பத்தரும் கொல்லரும் நாள்தோறுஞ் செய்வதைக் கைவேலைதானே என்று எண்ணிப் போந்த நமக்கு அன்று வெட்கமாயிருந்தது.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிள்ளையின் இயந்திரத்தை முதலிலே சைக்கிள் பம்பின் காற்றால் ஓட்டட்டும். கொதிகலஞ் செய்தல் பிந்திய பாடம். வெற்றுத் தகரப் பேணியிலே நீராவியை அடைத்தல் உயிருக்குக் கேடு. செப்புத் தகட்டிலே வெள்ளிப் பற்றாசு வைத்து ஆக்கிய கொதிகலத்தையும், முதலிலே குளிர்நீர் நிரப்பி, வேலை செய்யும் அமுக்கத்தைப் போல் இருமடங்கு அமுக்கத்திலே சோதிப்பது வழக்கம். நீர் மிகச் சிறிதே நெருங்குவது. ஆதலின் குறையிருந்தால் கசியும். நீராவிபோல் வெடித்துச் சிதறாது. காப்பு வால்வின்றியும் அனுபவமுள்ளவர் அருகின்றியும் நெருப்பு மூட்டலாகாது.

"ஆகையால், இப்போது கடைசல் இயந்திரம் வாங்காதீர்கள், மகனுக்கு ஒரு பிடிசிராவியும் இரண்டு அரமும் ஒரு மூலைமட்டமும் ஒரு துண்டுப் பித்தளையும் வாங்கிக் கொடுங்கள். ஆறு முகமும் சதுரமான கட்டியொன்றைச் செய்துகொண்டு வரட்டும். அதன்பின் மற்றதைப் பேசுவோம்" என்று தந்தையாரிடங் கூறினோம். செலவு குறைந்ததையிட்டு அவர் மகிழ்ச்சியோடு விடைபெற்றார்.

ஒன்பதாவது வாரம் மகன் வந்தான். கையிலே தழும்பு; தாளிலே சுற்றிய பித்தளைக் கட்டி. இதற்குமுன் நான்கு கட்டிகள் பழுதானதாகத் தந்தையார் சொன்னார். நாம் மூலைமட்டத்தை எடுக்குமுன்னரே பையன் ஒரு மூலையைச் சுட்டி, "சேர், இந்த மூலை கொஞ்சம் சரிஞ்சு போச்சுது. நான் இன்னொன்று செய்யப்போறன்" என்றான். பரீட்சை விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சேர், இந்த விடைக்குப் புள்ளி கூடப் போட்டுவிட்டீர்கள்" என்று சொன்ன மாணவனை நாம் இன்னுங் கண்டதில்லை. தந்தையாரின் முகத்தைப் பார்த்தோம். இம்முறை அவர், என்ன கண்டது என்று கேட்கவில்லை. அந்தக் கடைசல் இயந்திரம் என்ன விலை என்று கேட்டார்.

வாற்று முதுமையிலே செல்வமும் புகழும் பெற்று ஓய்ந்திருந்த காலத்திலும், பர்மிங்காமுக்கு அண்மையிலிருந்த தம் வீட்டின் மேன்மாடத்துச் சிற்றறையொன்றைப் பட்டறையாக்கி, சிற்பங்களைப் படியெடுக்கும் பொறியொன்றிலே ஈடுபட்டிருந்தார். 1819 ஆம் ஆண்டிலே அவர் காலமானபின் அவ்வறை பூட்டப்பட்டது. ஏறத்தாழ அவ்வாறே பேணப்பட்ட அதன் பொருள்கள் 1924 ஆம் ஆண்டிலே இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. உலகத்துக்கு வேண்டிய இயந்திரத்தை முன்னரே கொடுத்துவிட்ட அம்முதியவர், அந்த அறையிலே யாருக்காக வேலை செய்தார்? வினாவை மாணவர்களுக்கே விட்டுவிடுகின்றோம். விடையை எழுத வேண்டாம். ஓர் அரத்தை எடுத்துப் பாருங்கள்.