கூட்டம் இல்லாத நாளில் பிரிஞ்சாங்

கல்யாணமாகி இருபது, இருபத்தைந்து வருஷம் ஆன தம்பதிகளிடம், “நீங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கே போய் வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பத்துமலைக்குப் போனதுண்டு, பிள்ளைகளோடு. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஜொகூருக்குப் போனதுண்டு, வேன் நிறைய ஆட்களோடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவராய்ப் போனதுண்டு. அதைப் பயணம் என்று யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

“பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் மட்டுமா?” என்று அம்மா தயங்குவார். “இந்த வயசில் தேனிலவா என்று லயத்தில் சிரிப்பார்கள்” என்று அப்பா சொல்வார். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பெரிய பிள்ளைகள் இரண்டு நாள் சோறு வடித்துச் சாப்பிட்டால் வீடு இடிந்து விழாது. வாசலில் ஒரு பழைய சாகாவோ காஞ்சிலோ நிற்கிறதல்லவா? அதை எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போய், பிரிஞ்சாங்கில் இரண்டு இரவு தங்கி வருவது நம்மால் முடியாத காரியமல்ல. எப்போது போவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கூட்டம் இல்லாத காலம் என்றதும் மழைக்காலம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மழை என்றால் ஆள் வரமாட்டார்கள், அறை மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு மலையில் ஆபத்தானது. கேமரன் மலையில் அதிக மழை அக்டோபரிலும் நவம்பரிலும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சுற்று. அந்த நாட்களில் மண் சரியும், மரம் சாயும், சாலை அடைபடும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், விடாத மழையில் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையில் நீர் ஏறி, அதைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின. அறை வாடகையில் மிச்சம் பிடிக்க அந்த மாதங்களில் மலை ஏற வேண்டாம்.

மழை குறைந்த மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. அடுத்தபடியாக ஜூன், ஜூலை. இதை நம் தோட்டத்துக் காலண்டரோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பால்மரம் இலை உதிர்ப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. பால் குறைவு. செம்பனையிலும் வருஷத் தொடக்கத்தில் குலை குறைவு. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரைதான் காய் அதிகம். அதாவது, பிப்ரவரியில் லீவு கேட்டால் கிராணி முகம் சுளிக்காமல் கொடுப்பார். மலையிலும் மழை குறைவு. எல்லாம் பொருந்தி வருகிறது.

ஒன்றே ஒன்று பொருந்தவில்லை, பணம். காய் குறைந்தால் சம்பளமும் குறைகிறது. லீவு கிடைக்கும் மாதத்தில் கையில் காசு இல்லை, காசு வரும் மாதத்தில் லீவு இல்லை. தோட்டக் குடும்பம் ஊர் சுற்றப் போகாததற்கு மனசு இல்லாதது காரணமல்ல, இந்தப் பொருத்தக் கேடுதான் காரணம். ஆகவே இந்தப் பயணத்தின் வேலை செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். காய் நிறைய விழும் வாரங்களில் வாரம் இருபது வெள்ளியைத் தனியே எடுத்து வையுங்கள். இருபது வாரத்தில் நானூறு வெள்ளி ஆகிவிடும். அலமாரியில் வைத்தால் கரைந்துவிடும், வங்கிக் கணக்கில் போடுங்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போகிற உல்லாசம் வேண்டாம். திரும்பி வந்த பிறகு மாதாமாதம் அதைப் பற்றியே சண்டை நடக்கும்.

லீவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பலருக்குத் தங்கள் கணக்கே தெரிவதில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 12 நாள். ஐந்து வருஷம் அல்லது அதற்கு மேல் 16 நாள். இது முதலாளி பார்த்துக் கொடுக்கும் தயவல்ல, உங்கள் உரிமை. பதினாறில் மூன்றை எடுத்தால் மீதி பதின்மூன்று காய்ச்சலுக்கும் காரியத்துக்கும் இருக்கிறது. ஆனால் இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் மாலை போய்த் தலையைச் சொறிவது அழகல்ல.

மாதத்தைவிட முக்கியம் கிழமை. சனி, ஞாயிறில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் சந்தை வரைக்குமான துண்டுச் சாலையில் கார் நகராது. ஊர்ந்து ஊர்ந்து போவதற்குள் கணவன் மனைவிக்குள் இருக்கும் பழைய வழக்குகள் எல்லாம் விசாரணைக்கு வந்துவிடும். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியை ஒட்டிய நீண்ட விடுமுறை, எல்லாம் அப்படித்தான். இந்த வாரங்களை முதலில் காலண்டரில் அடித்துவிடுங்கள். மிச்சமுள்ள ஒரு திங்கட்கிழமை காலை புறப்பட்டு, புதன்கிழமை இறங்கி வாருங்கள். அதே அறை, அதே கட்டில், அதே வெந்நீர். கிழமை மாறினால் வாடகை இறங்கும். போன் செய்து கேட்கும்போது மூன்று கேள்வி மறவாதீர்கள்: வெந்நீர் வருமா, கார் நிறுத்த இடம் உண்டா, முழங்கால் வலி இருந்தால் கீழ்த்தட்டில் அறை கிடைக்குமா.

இனி சாலை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். தாப்பாவிலிருந்து கார் ஏறும் சாலை முடிய 1931 ஆயிற்று. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை அறுபது கிலோமீட்டர் போல இருக்கும், அங்கிருந்து பிரிஞ்சாங் இன்னும் சிறிது தூரம். அறுபதுதானே என்று ஒரு மணி நேரக் கணக்குப் போடாதீர்கள். வளைவுக்கு மேல் வளைவு. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் இன்னொரு சாலை இந்த நூற்றாண்டில் திறந்தது. அகலமானது, வளைவு குறைவு. ஈப்போ பக்கத்துக்காரர்களுக்கும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் அதுவே உத்தமம். தாப்பா வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவியண்டை இறங்கிக் கால் நீட்டலாம். வாந்தி வருமென்று பயப்படுகிறவர் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும், வாயில் ஒரு இஞ்சித் துண்டு இருக்கட்டும்.

மலையில் பிற்பகலில்தான் பெரும்பாலும் மழையும் மூடுபனியும் வரும். ஆகவே காலையில் ஏறுங்கள், மதியத்துக்குள் அறைக்குப் போய்ச் சேருங்கள். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். மேலே அடித்தால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே கூசவைக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் போட்டு, வண்டியின் வேகத்தை என்ஜினே பிடித்துக்கொள்ளும்படி விடுங்கள். ஆட்டோ கியர் வண்டியிலும் கீழ் கியருக்கு ஓர் இடம் இருக்கும், புறப்படும் முன்பே அது எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கை ஒரேயடியாய் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிப்பு விட்டுவிடும். கருகிய வாடை வந்தால் நல்ல இடமாய்ப் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே டயர், பிரேக், வைப்பர், தண்ணீர்த் தொட்டி நான்கையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நானூறு வெள்ளியில் முதல் செலவு அதுதான். சட்டை துணியைப் பிறகு பார்க்கலாம்.

பிரிஞ்சாங் 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நமக்குப் பழகாத குளிர். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அந்த அளவுக்கு இப்போது பயப்பட வேண்டாம், இரவில் பதினைந்தை ஒட்டி இருக்கும். ஆளுக்கு ஒரு சுவெட்டர், காலுக்கு உறை. ஒரு பிளாஸ்க்கில் தேநீரும் கொண்டுபோங்கள். தேயிலை நாட்டுக்குத் தேநீரா என்று சிரிக்காதீர்கள், சுற்றுலா ஊரில் இரண்டு கோப்பைக்குக் கொடுக்கும் காசைப் பார்த்த பிறகு என்னை நினைப்பீர்கள்.

திங்கள் மாலை ஊரைச் சுற்றி நடந்தால் போதும். தெண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டு, எதிர்ப்பட்ட கடையில் சூடாய் ஏதாவது சாப்பிடுங்கள். ஸ்ட்ராபெரி தோட்டம் போனால் பறிப்பதற்கு முன் விலை கேளுங்கள், பறித்த பிறகு கேட்டால் தராசுதான் பேசும். காட்டுப் பாதைகளில் இருவர் மட்டும் வழிகாட்டி இல்லாமல் நுழைய வேண்டாம். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர் வாங்கிய அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் தேதி தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனவர், திரும்பவே இல்லை. ஆளும் படையும் தேடியும் ஒரு தடயம்கூடக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சுங்கை பாலாஸ். திங்கட்கிழமையில் அங்கே பார்வையாளர்களுக்குக் கதவு திறப்பதில்லை. முதல் நாளே ஓடிப்போய் ஏமாற வேண்டாம் என்றுதான் செவ்வாயில் வைத்தேன். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ நிறுவனத்தின் தோட்டம் இது. போகிற பாதை குறுகல், எதிரே தோட்டத்து லாரி வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். காட்டை வெட்டி இந்தச் சரிவுகளில் கன்று வைத்தவர்களில் நம்மவர் ஏராளம். கையால் கொழுந்து கிள்ளிய காலம் பெரும்பாலும் போய், இப்போது கத்திரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நம்மவரோடு வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களும் வெட்டுகிறார்கள். படம் எடுப்பதற்காகச் செடிகளுக்குள் புகுந்து கிளையை ஒடிக்காதீர்கள். வேலை செய்கிறவரிடம் கேட்காமல் அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். நாம் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போது யாரோ காரிலிருந்து இறங்கி அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பிரிஞ்சாங் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு, “நாங்கள் முதுகு ஒடியும் இடத்துக்கு நீங்கள் ஓய்வுக்கு வருகிறீர்களா?” என்று கேட்பார்கள். நியாயம்தான். உங்களுக்கு எதிர்த்திசை. மலையை விட்டு இறங்கி, லூமுட் போய், காரை அங்கே நிறுத்திவிட்டுப் படகேறிப் பங்கோர் தீவில் ஓர் இரவு தங்குங்கள். கிழக்குக் கரைத் தீவுகள் பருவக்காற்றில் ஆண்டு இறுதியில் மூடிக்கிடக்கும், மேற்கே இருக்கும் பங்கோருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. உங்களுக்கும் வார நடுவே விசேஷம். கால் மண்ணில் புதைய நடந்துவிட்டு வாருங்கள்.

புதன்கிழமை காலை பசியாறியதும் புறப்பட்டுவிடுங்கள். காய்கறி வாங்குவதானால் ஒரே கடையில் வாங்காமல் இரண்டு மூன்று கடை விலை கேட்டு வாங்குங்கள். முட்டைக்கோசும் சோளமும் போதும். பூந்தொட்டி ஆசை வந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள், கீழே வந்தால் பாதிச் செடி வெயிலில் வாடிப்போகும். சின்ன வண்டியில் பின்பாரம் ஏற்றிக்கொண்டு இறங்குவதும் நல்லதல்ல. தாப்பா வந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, மத்தியானச் சோற்றுக்கு இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள்.