மெட்ராஸ் கறியும் ஒற்றை நட்சத்திரமும்

நான் வசிப்பது வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஓர் இங்கிலாந்துச் சிற்றூர். கடைத்தெரு ஒன்று, தேவாலயங்கள் இரண்டு, இந்திய உணவகம் ஒன்று. சுற்றுவட்டாரத்தில் உள்ள பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. சென்ற மாதம் அதில் நண்பர் ஒருவர், தாம் கூகிளில் எழுதிய மதிப்புரையைப் பெருமையுடன் பகிர்ந்திருந்தார். எங்கள் ஊர் உணவகத்துக்கு ஒற்றை நட்சத்திரம். காரணம், அவர் மெட்ராஸ் கறி கேட்டாராம். முப்பது வருடம் மெட்ராஸில் இருந்தவர், இப்படி ஒரு பதார்த்தத்தை அங்கே கண்டதே இல்லையாம். எனவே இது உண்மையான இந்திய உணவே அல்லவாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அந்தக் கட்டைவிரல்களுக்கு எதிராகவே இதை எழுதுகிறேன். ஆறு வருடங்களுக்கு முன், இங்கே குடிவந்த புதிதில், நானும் ஏறக்குறைய இதையேதான் எழுதினேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

லண்டனில் தீன் முகமது என்ற பாட்னாக்காரர் ஓர் இந்துஸ்தானி காபி ஹவுஸைத் திறந்தது 1810இல். இரண்டே வருடத்தில் திவாலானார். ரீஜன்ட் தெருவில் வீராசாமி 1926இல் வந்தது. (பெயரைக் கேட்டு நம்மவர் என்று யாரும் மகிழ வேண்டாம்; தொடங்கியவர் எட்வர்ட் பால்மர்.) ஆனால் பிரிட்டனின் சிற்றூர்கள் வரைக்கும் கறியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்களில் யாரும் அல்லர். கப்பல்களின் கொதிகலன் அறையில் வெந்து, துறைமுகங்களில் இறங்கித் தங்கிவிட்ட சில்ஹெட் மாலுமிகளும், அவர்கள் வழியாக வந்த உறவினர்களும்தான். சில்ஹெட் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. அவர்கள் பலகையில் ‘இந்திய உணவகம்’ என்று எழுதினார்கள் என்றால், தெருவில் போகிற ஆங்கிலேயனுக்கு அந்தச் சொல்தான் புரியும். மதுக்கடையை விட்டு இரவில் வெளியே வருகிறவன் பசிக்குச் சமைத்தார்கள். அவன் காரத்தின் அளவை மட்டும் கேட்டான். எனவே ஊர்ப்பெயர்களும் பதார்த்தப் பெயர்களும் காரத்தின் படிகளாயின. கோர்மா கீழ்ப்படி, மெட்ராஸ் நடுவே, அதற்கு மேல் விண்டாலு. போர்ச்சுக்கீசியரின் ஒயினும் பூண்டும் ஊறிய இறைச்சி கோவாவுக்கு வந்து விண்டாலுவாகி, இங்கே உருளைக்கிழங்கும் சேர்ந்து, பந்தயம் கட்டித் தின்னும் பண்டமாயிற்று. 2001இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்று மேடையில் சொல்லும் அளவுக்கு இந்தச் சமையல் இந்த நாட்டினுடையதாகிவிட்டிருந்தது.

ஆகவே பட்டியலில் உள்ள ‘மெட்ராஸ்’ ஒரு காரஅளவு. மயிலாப்பூரையோ மண்ணடியையோ அது ஒருபோதும் வாக்களிக்கவில்லை. மஞ்சூரியாவிலிருந்து ஒருவர் திருச்சிக்கு வந்து, கோபி மஞ்சூரியனைச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஊரில் இப்படி ஒன்று கிடையாது என்று ஒற்றை நட்சத்திரம் போட்டால் நாம் சிரிப்போமா, அழுவோமா? சிரிப்போம். நண்பரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அந்த உணவகத்தின் சமையலறையை ஒருமுறை பார்க்க வாய்த்தது. காலையில் பெரிய அண்டாவில் வெங்காயத்தை மூட்டைக் கணக்கில் போட்டு, இஞ்சி, பூண்டு, தக்காளி, மஞ்சள், சீரகம், எண்ணெய் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து, கூழாக அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். கோழியும் ஆடும் தனியே முன்பே வெந்திருக்கும். இரவில் கேட்கக் கேட்க, கைப்பிடி நீண்ட அலுமினிய வாணலியில், கொழுந்துவிடும் நெருப்பில் எண்ணெய், பூண்டு, மசாலாப் பொடி, தக்காளி விழுது. பிறகு அந்தக் கூழில் ஒரு கரண்டி. அது சுண்டி, ஓரங்கள் லேசாகக் கருகத் தொடங்கும் கணத்தில் சுரண்டிவிட்டு அடுத்த கரண்டி. பத்து நிமிடத்துக்குள் தட்டில் இருக்கிறது. நம்மவர்கள் ‘எல்லாம் ஒரே குழம்பு’ என்று ஏளனம் செய்வது இந்தக் கூழைத்தான். பாதி உண்மை. ஆனால் நம் ஊர் ஓட்டல்களிலும் பொதுக் குழம்பு ஒன்றை வைத்துக்கொண்டுதானே பனீருக்கும் பட்டாணிக்கும் காளானுக்கும் பெயர் மாற்றுகிறார்கள்? இந்த முறையைக் குறைசொல்ல விரும்புகிறவர், அந்தக் கருகும் கணத்தைச் சமையல்காரர் சரியாகப் பிடித்தாரா, பொடியின் பச்சை வாசனை போயிற்றா, காய்ந்த வெந்தயக் கீரை கசந்ததா என்று கேட்கட்டும். அது விமர்சனம். ‘எங்கள் அம்மா இப்படிச் செய்ய மாட்டாள்’ என்பது ஏக்கம். ஏக்கம் எனக்கும் உண்டு. அதற்கான பில்லை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை.

இதில் கட்டுகிற பில் என்பது உருவகமும் அல்ல. நாற்பது பேர் மதிப்பிட்டு 4.5 பெற்றிருக்கும் சிற்றூர் உணவகத்தை, ஒரே ஓர் ஒற்றை நட்சத்திரம் 4.4க்கு இறக்கிவிடும். நாலாயிரம் பேர் மதிப்பிட்ட லண்டன் உணவகத்தில் அதே கோபம் ஒரு புள்ளியைக்கூட அசைக்காது. வெள்ளி, சனி இரவுகளின் வியாபாரத்தில் வாரம் முழுவதையும் ஓட்டுகிற கடை இது. ஒவ்வொரு தட்டிலும் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி போக வேண்டும். வெளிநாட்டுச் சமையல்காரருக்கு வருடத்துக்கு 29,570 பவுண்டு குறைந்தபட்சச் சம்பளம் என்று விதித்தபோது, இப்படிப்பட்ட கடைகளுக்கு ஊரிலிருந்து ஆள் எடுப்பது ஏறக்குறைய முடிந்துபோயிற்று. பிள்ளைகளோ படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். இதையெல்லாம் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. யாரைத் தண்டிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு தண்டிக்கலாமே என்றுதான்.

இரக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே குழுவில் இன்னொரு நண்பர் கருணையுடன், ‘பாவம், இந்த ஊருக்கு இது போதும்’ என்று ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னார். இதை என்னால் முந்தையதைவிடப் பொறுக்க முடியவில்லை. ஒற்றை நட்சத்திரக்காரராவது அந்த உணவை உணவாக எடுத்துக்கொண்டு கோபப்பட்டார். இவர் ஊரையும் சமையல்காரரையும் ஒருசேரத் தட்டிக்கொடுக்கிறார். எல்லா ஊருக்கும் ஒன்றாகவே நிற்கும் அளவுகோல்களும் உண்டு. வேல்ஸில் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரையிலான சுகாதார மதிப்பெண்ணை 2013 முதல் வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். எல்லைக்கு இப்பால் இங்கிலாந்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் எங்கள் ஊர்க் கடை ஒட்டியிருக்கிறது: ஐந்து. நண்பர்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை.

கடைக்காரரை நான் பாய் என்று அழைக்கிறேன். நம் ஊரிலும் அப்படித்தான் அழைத்திருப்பேன், வேறு காரணத்துக்காக. ஒரு திங்கட்கிழமை, கூட்டமே இல்லாத இரவில், ஊழியர்கள் தங்களுக்கென்று சமைத்ததில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். மீன், அதில் சாத்கரா என்கிற சில்ஹெட் நாரத்தையின் தோல். கசப்பும் புளிப்பும் மணமுமாய், நம் நாரத்தைக்குத் தூரத்து உறவு போலிருந்தது. இதை ஏன் பட்டியலில் வைப்பதில்லை என்று கேட்டேன். ஒரு வருடம் வைத்திருந்தார்களாம். ஊர்க்காரர்களும் கேட்கவில்லை, ‘உண்மையான உணவு’ தேடி வருகிற இந்தியர்களும் கேட்கவில்லை. எங்களுக்காகவே தோசை மட்டும் சேர்த்தாராம்.

அந்தத் தோசை மகா மோசம். பொட்டல மாவு, புளிப்பே கிடையாது, சட்னியில் சர்க்கரை. போன வாரம் என் பழைய மதிப்புரையை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மெட்ராஸ் கறியில் பூண்டு சரியாகச் சிவந்திருக்கிறது. ஞாயிறு இரவுச் சோறு காய்ந்துபோய் வருகிறது, கவனிக்க வேண்டும். தோசையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், மீனைத் திரும்ப வையுங்கள். மூன்று நட்சத்திரம்.

பாய்க்கு வருத்தம்தான். நாலாவது போட்டிருக்கலாமே என்றார். தோசையை எடுத்தால் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாட்ஸப் குழுவில் இன்னும் யாரும் கட்டைவிரல் காட்டவில்லை.