பிஞ்சில் பட்ட காயம்



பால்மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தி அளவோடு பட்டையைச் சீவினால் மரம் பாலும் தரும். சீவிய இடத்தில் புதுப்பட்டையும் சீராக வளரும். கத்தி ஆழமாகப் பாய்ந்து கட்டையைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? காயம் மூடிக்கொள்ளும். ஆனால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் வெட்ட வருகிறவர் திண்டாடுவார். அப்போது மரத்தைத் திட்டிப் பயன் உண்டா?

மனிதக் குழந்தையும் அப்படித்தான். இது வெறும் உவமை அல்ல. மருத்துவர்கள் கண்ட உண்மை.

1985ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி என்பவர் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சைப் பிரிவை நடத்தி வந்தார். நன்றாக எடை குறைந்து வந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். காரணம் புரியாமல் ஒவ்வொருவராக விசாரித்தார். அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிய வந்தது.

பின்னர் டாக்டர் ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து, 17,000க்கும் அதிகமானவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றி விசாரித்தார். வீட்டில் அடி விழுந்ததா? கேவலமாகப் பேசினார்களா? தாய் அடிபடுவதைப் பார்த்தாயா? வீட்டில் குடிகாரர் இருந்தாரா? இப்படிப் பல கேள்விகள். முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. பாதிக்கும் மேற்பட்டோர் இவற்றில் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துன்பங்களைக் கண்டவர்களுக்கு இருதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். குடிப்பழக்கமும் மனச்சோர்வும் பல மடங்கு அதிகம். இவர்கள் பரம ஏழைகள் அல்லர். பெரும்பாலும் காப்புறுதி வசதி உள்ள நடுத்தரக் குடும்பத்தார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? பயம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகிறது. நாயைக் கண்டு ஓடும் பிள்ளைக்குச் சற்று நேரத்தில் இது அடங்கிவிடும். ஆனால், அப்பா எப்போது தள்ளாடிக்கொண்டு வருவார் என்று ஒவ்வொரு இரவும் காது கொடுத்துப் படுத்திருக்கும் பிள்ளைக்கு அது அடங்குவதே இல்லை. வளர்ந்த பிறகும் தூக்கம் பிடிப்பதில்லை. மனத்தை அமைதிப்படுத்தச் சிகரெட்டும் சம்சுவும் துணைக்கு வருகின்றன. நாற்பது வயதில் நோய் வந்து நிற்கிறது. எல்லா நோய்க்கும் இதுவே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால், காரணங்களில் இதுவும் ஒன்று.

நம் கதையையும் எண்ணிப் பாருங்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில், சயாம்–பர்மா மரண ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தகப்பனை இழந்த குழந்தைகள் லயங்களில் வளர்ந்தார்கள். அவர்களுடைய அழுகையைக் கேட்க யாருக்கு நேரம் இருந்தது? விடிந்தால் பிரட்டு, பிறகு வேலைக்காடு! அந்தப் பிள்ளைகளே பிறகு தாயானார்கள், தகப்பனானார்கள். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. மாட்டுக்குச் சொன்னதை மனிதப் பிள்ளைக்குப் பொருத்தலாமா?

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சிறுவயதில் துன்பப்பட்டவர்களில் பலர், வளர்ந்ததும் பிறர் துன்பம் துடைக்கும் வேலைக்கே வருகிறார்கள். தாதியாக, ஆசிரியையாக, சமூகநல ஊழியராக, முதியோரைப் பராமரிப்பவராக! தம்பி தங்கையை அடியிலிருந்து காத்து வளர்த்த மூத்த பெண்ணுக்கு அது பழகிய வேலைதானே!

1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் தாதியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நள்ளிரவில், முதுகெல்லாம் தழும்போடு ஒரு சிறுவனைக் கொண்டு வருகிறார்கள். அவள் கை மருந்து போடுகிறது. மனமோ தன் பழைய லயத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. வீடு திரும்பினால் தூக்கமில்லை, தலைவலி, சொந்தப் பிள்ளை மேல் எரிச்சல். இதைப் 'பரிவுக் களைப்பு' என்கிறார்கள். சார்ல்ஸ் ஃபிக்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1995இல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இது பலவீனம் அல்ல. பிறர் சுமையைத் தூக்கும் தோளுக்கும் வலிக்கும்.

அப்படிப்பட்ட மகளோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால், இரவு வேலை முடிந்து வந்தவளிடம் அடுப்படியை ஒப்படைக்காதீர்கள். உறங்க விடுங்கள். அவள் பேச வந்தால், "அதெல்லாம் பழைய கதை" என்று வாயை அடைக்காதீர்கள். அவளும் மூத்த தாதியிடமோ மனநல ஆலோசகரிடமோ மனம் விட்டுப் பேச வெட்கப்பட வேண்டாம்.

காயப்பட்ட பிள்ளை தேறவே மாட்டானா என்று கலங்காதீர்கள். நம்பத்தக்க ஒரே ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாலும், பிள்ளை தேற அது பெரிதும் உதவுகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அந்த ஒருவர் பாட்டியாக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காளாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும்போதே, தூக்கமின்மையையும் மனபாரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இருக்கிறது. குழந்தை கொடுமைப்படுத்தப்படுவதாகத் தெரிந்தால் மருத்துவரும், குடும்பத்தாரும், குழந்தைப் பராமரிப்பாளரும் தெரிவித்தே ஆக வேண்டும். "அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு" என்று கதவைச் சாத்தாதீர்கள். தாலியான் காசே, எண் 15999, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். மனம் உடைந்தவர்கள் பேச பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது. எண் 03-7627 2929.

இன்றிரவு உங்கள் வீட்டில் யாராவது காரணமில்லாமல் சீறி விழுந்தால், "உனக்கு என்ன கேடு?" என்று கேட்காதீர்கள். "உனக்கு என்னப்பா நடந்தது?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. பொறுத்திருங்கள்.