கேரம் பலகையில் கத்தியை வைத்தவர்கள்

வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018-இல் வெளியானபோது, இலக்கிய நண்பர்களில் பலர் அதை ஒரு நிலத்தின் ஆவணம் என்றே கொண்டாடினர். படத்தின் நாயகன் கேரம் ஆட்டக்காரன். வடசென்னையையும் கேரத்தையும் சேர்த்துப் பார்த்த இயக்குநரின் கண் கூர்மையானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலகை படத்தில் எங்கே போய்ச் சேர்கிறது? சிறைக்குள். அங்கு நடக்கும் போட்டியே ஒரு கத்திக்குத்துக்கு மேடையாகிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்ற பெயர்களை எழுதத் தொடங்கிய உடனேயே நம் புனைவாளர்களின் கை தானாகக் கத்தியைத் தேடிப் போகிறது. ஒரு திரைப்படத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விளிம்புநிலை எழுத்து என்ற பெயரில் நாம் வாசித்துச் சிலாகிக்கும் பலவற்றின் நிலையும் இதுதான்.

கத்தி இல்லாத ஒரு கதை இதே நகரத்தில் உண்டு. மரிய இருதயம் சென்னைக்காரர். 1991-இலும் 1995-இலும் கேரத்தில் உலக சாம்பியன். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். கேரம் ஆட்டக்காரர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதன்பின் கால் நூற்றாண்டு கடந்தும் இரண்டாமவர் ஒருவர் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. தமிழ் முதுகலை வகுப்பில் இப்பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? மாணவர்களை விடுவோம், ஆசிரியர் அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விளையாட்டு வீரனின் குணம், நேர்மை என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே கிரிக்கெட்டுக்குத் தாவுவார்கள். தாவட்டும். 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் நடந்த பொன்விழா டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்த பாப் டெய்லரை இந்திய அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத் திரும்ப அழைத்து ஆடவைத்தார். டெய்லரும் போத்தமும் நின்று ஆடினர். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அச்செயலை நாமும் மதிக்கிறோம். அது தோல்வியை விலையாகக் கொடுத்து வாங்கிய நேர்மை. ஆனால் அதைப் பார்க்க ஓர் அரங்கமே இருந்தது, எழுதப் பத்திரிகைகள் இருந்தன, இன்றைக்கும் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதே ஆட்டம் பணமழையில் நனைந்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் வாசகர்கள் அறிவர். 2013-இன் சூதாட்ட விவகாரத்தை அடுத்து, 2015-இல் லோதா குழு நம் நகரத்தின் பெயர் தாங்கிய அணியை இரண்டாண்டுகள் விலக்கிவைத்தது. தடை முடிந்து திரும்பியபோது வரவேற்பில் ஏதேனும் குறை இருந்ததா? இல்லை. குணத்தைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நாம் பெரும்பாலும் வெற்றியைத்தான் போற்றிக்கொண்டிருக்கிறோம்.

கேரத்தின் நேர்மை வேறு வகை. ஸ்ட்ரைக்கரை இரு கோடுகளையும் தொடும்படி வைக்க வேண்டும். கோட்டின் முனையிலுள்ள சிவப்பு வட்டத்தை ஒன்று முழுதாக மூட வேண்டும், அல்லது தொடவே கூடாது. மயிரிழை பிசகினாலும் தவறு. போட்ட காய் ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டும், முறையும் போய்விடும். பெரிய போட்டிகளில் இதைக் கவனிக்க நடுவர் உண்டு. தெருமுனை மன்றத்தில், தொங்கும் ஒற்றை விளக்கின் கீழ், நடுவர் ஏது? விரல் நுனியில் நேர்ந்த பிசகு ஆடுபவனுக்கு மட்டுமே தெரியும். அவன்தான் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களும் உண்டு, வறுமையே அறம் என்ற பழைய பசப்பை நாம் இங்கே விற்க வரவில்லை. ஆயினும் பரிசுத்தொகையும் தொலைக்காட்சியும் எட்டிப் பார்க்காத ஓர் ஆட்டத்தில் ஒன்பது முறை தேசத்தின் முதலிடத்தை எட்டுவதற்கு, கைத்திறனோடு எவ்வளவு தன்னடக்கம் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குணம் என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் அதுதான்.

இன்னொரு தரப்பினர் நாளிதழ்க்காரர்கள். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றபோது ‘மீன்பாடி வண்டி ஓட்டுபவரின் மகள்’ என்று எழுதினார்கள். 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார், பதினேழு வயது. ‘ஆட்டோ ஓட்டுநரின் மகள்’ என்றார்கள். தகவலில் பிழையில்லை. தந்தையின் வண்டி தலைப்பில் ஏறிவிட்டது. மகளின் ஆட்டம் எப்படிப்பட்டது என்று ஒரு பத்தியாவது எழுத வேண்டாமா? எந்தக் கோணத்தில் அடித்தார், சிவப்பை எப்போது எடுத்தார், பின்தங்கியபோது எப்படி நிதானித்தார் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். இரக்கப்படுவதற்கு ஓர் ஏழைப் பெண் போதும். காசிமாவுக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. நல்ல செய்தி. 2008-இன் சாம்பியனுக்கும் அதே தட்டில் எடைபோட்டிருக்கலாமே என்ற கேள்வியை மட்டும் இங்கே வைக்கிறோம்.

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு. ராபர்ட்டோ கிளமென்டே என்ற ஆட்டக்காரர், நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து, 1972 டிசம்பர் 31 அன்று இறந்தார். களத்திலும் வெளியிலும் பண்போடு நடப்பவருக்கு அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது தருகிறார்கள். ஓட்ட எண்ணிக்கை மட்டும் அதற்குப் போதாது. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் அதையும் கிரிக்கெட்டுக்கே கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் நமக்கு உண்டு!

அடுத்து வடசென்னையைப் பற்றி எழுத உட்காரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செரியன் நகருக்கோ வியாசர்பாடிக்கோ போங்கள். ஏதேனும் ஒரு மன்றத்தில், ஆட்டம் முடியும்வரை பலகையோரம் பேசாமல் நில்லுங்கள். சட்டையில் பவுடர் ஒட்டும், பரவாயில்லை. ‘என் மேல்தான் தப்பு’ என்று போட்ட காயை ஒரு பையன் தானே எடுத்துத் திரும்ப வைப்பதைக் கண்டால், உங்கள் கதையில் அவனுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவன் இடுப்பில் மட்டும் எதையும் செருகிவிடாதீர்கள்.