ரெண்டே கம்பின்னு சொன்னது யாருங்க?

டிஸ்கி: இது கொஞ்சம் ஆணி சம்பந்தப்பட்ட பதிவு. கவிதை தேடி வந்தவங்க மன்னிச்சுக்கோங்க :-)

ஃபேக்டரி வயரிங்னு பேச்செடுத்தா நம்மாளுங்க வாயில மொதல்ல வர்றது ஆர்எஸ்-485 தான். "ரெண்டே கம்பி சார், 1200 மீட்டர், 32 டிவைஸ், வேலை முடிஞ்சுது." இந்த 'ரெண்டே கம்பி' மேலதான் எனக்குக் கடுப்பு.

ஆர்எஸ்-232-ல ஒரு கம்பியோட வோல்டேஜை கிரவுண்டோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. 422, 485 ரெண்டுலயும் முறுக்கின ஜோடிக் கம்பி. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் சேதி. 200 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தாலே ரிசீவருக்குப் புரிஞ்சுடும். நாய்ஸ் ரெண்டு கம்பியிலயும் ஒரே அளவுல ஏறும், கழிச்சா காணாமப் போயிடும். அருமையான யோசனை, மறுக்கல.

அப்போ கிரவுண்ட் எதுக்குன்னு கேப்பீங்க. ரிசீவரோட கிரவுண்டுல இருந்து பார்த்தா, அந்த ரெண்டு கம்பியும் 485-க்கு -7 முதல் +12 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 422-க்கு -7 முதல் +7 வரை. பக்கத்து ஷெட்ல வெல்டிங் ஓடும்போது ரெண்டு பேனலோட கிரவுண்டும் ஒண்ணா இருக்கும்னு யார் உத்தரவாதம் தர்றது? எல்லை தாண்டினா மொதல்ல டேட்டா தப்பா வரும், அப்புறம் சிப் போகும். பழி வயர் இழுத்த எலக்ட்ரீஷியன் தலையில!

மோட்பஸ் சீரியல் லைன் ஆவணமே 'காமன்'னு மூணாவது கம்பி கட்டாயம்னு சொல்லுது. இது சிக்னல் காமன், எர்த் இல்ல. எர்த் வித்தியாசம் பெருசுன்னா ஐசோலேட்டட் டிரான்சீவர் போடுங்க. அப்பவும் பஸ் பக்கத்துக் காமனை இணைச்சே ஆகணும்.

அடுத்தது, எல்லாத்துக்கும் 485 தானா? எனர்ஜி மீட்டர் இருபதை ஒரே லைன்ல கோக்கணும்னா அதுதான் சரி. ஆனா அங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பேசணும். யாரும் பேசாத நேரத்துல லைன் அந்தரத்துல தொங்கும், பயாஸ் ரெசிஸ்டர் வேணும். தூரத்துல இருக்கிற ஒரே ஒரு என்கோடரைப் படிக்க எதுக்குங்க இந்தத் தலைவலி? 422-ல பேசறவர் ஒருத்தர்தான், கேக்கறவங்க 10 பேர் வரை. டிரைவர் எப்பவும் ஆன்ல இருக்கும். ஒரு ஜோடி கூடுதலா இழுத்தா ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பேசலாம். கேபிள் காசு கொஞ்சம் கூடும், ராத்திரி தூக்கம் மிஞ்சும்.

இன்னும் ரெண்டு விஷயம். 1200 மீட்டர்ங்கறது சுமார் 100 கேபிபிஎஸ் வரைக்கும்தான், 10 எம்பிபிஎஸ்-க்கு இல்ல. அப்புறம் இந்த ஏ, பி குழப்பம். ஸ்டாண்டர்ட் ஒண்ணு சொல்லும், பல சிப் கம்பெனிங்க நேர்மாறா எழுதியிருப்பாங்க. பேரை நம்பாதீங்க, மீட்டர் வெச்சுப் பாருங்க.

மூணாவது கம்பியோட விலை கேபிள்ல சில்லறைக் காசு. அது இல்லாம மெஷின் நின்னா என்ன விலைன்னு சூப்பர்வைசரைக் கேளுங்க.

உங்க பேனல்ல எத்தனை கம்பி மக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க.