போட்டோ இருக்கு, பேர் எங்கே?

1/ வீட்டுல அறுபதைத் தாண்டின அப்பா, அம்மா, அத்தை, பெரியப்பான்னு யாராவது இருக்காங்களா? பரண் மேல ஒரு பழைய ஆல்பமும் இருக்கா? அப்போ இந்தத் திரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். டீ ஒன்னு போட்டுக்கிட்டு உட்காருங்க.

2/ சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். பெரியவங்களுக்குப் போன்ல டிஜிட்டல் ஸ்க்ராப்புக் செய்யக் கத்துக்கொடுங்க. நீங்க செஞ்சு பரிசா நீட்டாதீங்க. அவங்க கையாலயே செய்யட்டும். அதுவும் தனியா இல்ல, நாலஞ்சு கூட்டாளிகளோட. இதை ஒரு டாக்டர் ஏன் சொல்றேன்னு வரிசையா எழுதறேன்.

3/ ஸ்க்ராப்புக்னா புதுசா ஒன்னுமில்ல. போட்டோ, பக்கத்துல ரெண்டு வரி, அதோட ஒரு பழைய பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, ஒரு கடிதம். எல்லாத்தையும் சேர்த்து ஒட்டின நோட்டு. எழுத்தாளர் மார்க் ட்வைன் தானே ஒட்டிக்கிற ஸ்க்ராப்புக் ஒன்னுக்கு 1873-ல காப்புரிமையே வாங்கினார். அதையே பசை, கத்தரிக்கோல் இல்லாம போன்ல செஞ்சா டிஜிட்டல். அவ்வளவுதான்.

4/ இப்போ ஒரு கேள்வி. உங்க போன்ல எத்தனை போட்டோ இருக்கு? ஐயாயிரமா, பத்தாயிரமா? அதுல எத்தனை படத்துல யார், எங்கே, எப்போன்னு எழுதியிருக்கு? சரி, பரண் மேல இருக்கிற ஆல்பத்துல? பெரும்பாலும் அங்கேயும் ஒன்னும் இருக்காது. பேரெல்லாம் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. உங்க அம்மாவோட மூளையில.

5/ அந்த மூளைக்கும் வயசாகுது. இந்தியாவுல 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம்னு 2023-ல வந்த தேசிய அளவிலான ஆய்வு கணக்கு சொல்லுது. "வயசானா மறதி வரத்தானே செய்யும்"னு வீட்டுல விட்டுடறதால, நிறைய பேர் எங்ககிட்ட வரும்போதே ரொம்பத் தாமதமாயிடுது.

6/ அல்சைமர் வகை மறதியில ஒரு வரிசை உண்டு. காலையில சாப்பிட்ட இட்லி முதல்ல போகும். நேத்து வந்துட்டுப் போன விருந்தாளி போவார். சின்ன வயசு நினைவு ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். அதுலயும் 10 வயசிலிருந்து 30 வயசு வரைக்கும் நடந்ததுதான் மனுஷனுக்கு அதிகம் நினைவு நிற்கும்னு நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு.

7/ அதனால ஆரம்பிக்கும்போது பேரப்பிள்ளையோட பிறந்தநாள் போட்டோவை எடுக்காதீங்க. அது உங்களுக்குப் பிடிச்ச படம். அவங்க படிச்ச பள்ளிக்கூடம், முதல் வேலை, கல்யாணம், முதல் சைக்கிள்னு தேடி எடுங்க. வாய் தானாத் திறக்கும். நீங்க கேட்காததும் சேர்ந்து வரும்.

8/ "ஆல்பம் பார்த்தா டிமென்ஷியா குணமாகுமா டாக்டர்?" குணமாகாது. பழைய நினைவுகளைப் பேசவைக்கிற சிகிச்சை முறையைப் பத்தி 2018-ல காக்ரேன் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 22 ஆய்வுகள், 1972 பேர். பலன் இருக்கு, ஆனா சின்னது. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரியும் இல்ல. கெடுதல்னு பெருசா எதுவும் தெரியல. நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லல. மாத்திரை செய்யாத ஒரு வேலையைச் சொல்றேன்.

9/ எனக்கு இதைவிட முக்கியமாப் படுறது, இன்னும் நல்லா இருக்கிற பெரியவங்க. 2014-ல அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் பார்க் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. பேர் சினாப்ஸ் திட்டம். 60-லிருந்து 90 வயசு வரை 221 பேர். ஒரு கூட்டத்துக்கு டிஜிட்டல் போட்டோகிராபியும் கம்ப்யூட்டர்ல படத்தைத் திருத்தறதும் கத்துக்கொடுத்தாங்க. இன்னொரு கூட்டத்துக்குத் துணித் தையல் வேலை. வாரம் 15 மணி நேரத்துக்கு மேல, 3 மாசம்.

10/ வேறொரு கூட்டம் கத்துக்கறதுன்னு எதுவும் இல்லாம ஒன்னாக் கூடிப் பேசிச்சு, விளையாடிச்சு, வெளியே போய் வந்துச்சு. 3 மாசம் கழிச்சுப் பார்த்தா, புதுசாக் கத்துக்கிட்டவங்களோட நினைவாற்றல்தான் முன்னேறியிருந்தது. குறிப்பா போட்டோகிராபி கத்துக்கிட்டவங்களுக்கு. சும்மா அரட்டை அடிச்ச கூட்டத்துக்கு அந்த அளவு இல்ல.

11/ இது சின்ன ஆய்வு. டிமென்ஷியாவைத் தடுக்கும்னு யாரும் நிரூபிக்கல. ஆனா ஒரு விஷயம் புரியுது. மூளைக்கு வேலை கொடுக்கறது பார்க்கிற சுகம் இல்ல, கத்துக்கிற கஷ்டம். "இந்தப் பட்டனை அமுக்கினா என்னடா ஆகும்?"னு அப்பா நாலாவது தடவை கேட்கிறார் பாருங்க, அந்த இடத்துலதான் வேலையே நடக்குது. "கொடுங்க, நான் பண்றேன்"னு போனைப் பிடுங்கினா, அந்த வேலையையும் சேர்த்துப் பிடுங்கறீங்க.

12/ கூட்டாளிகள் எதுக்கு? 2024-ல லான்செட் ஆணையம், நாம மாத்த முடிஞ்ச 14 டிமென்ஷியா காரணிகளைப் பட்டியல் போட்டது. அதுல தனிமை ஒன்னு. காது மந்தம், சரிசெய்யாத பார்வைக் குறை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதனால முதல்ல கண்ணைக் காட்டுங்க. புரை இருந்தா அரசு மருத்துவமனையிலயே ஆபரேஷன் உண்டு. கண்ணு தெரியாதவர்கிட்ட போனைக் கொடுத்துட்டு "அவருக்கு ஆர்வமே இல்ல"ன்னு சொல்லாதீங்க.

13/ நம்ம பாண்டிச்சேரிக்கு இதுல கூடுதலா ஒரு அவசரம் இருக்கு. இந்த ஊர்ல இருந்து இந்தோசீனாவுக்குச் சிப்பாயாவும் உத்தியோகத்துக்கும் போன குடும்பங்கள் எத்தனை! 1954 நவம்பர் 1-ல ஆட்சி கைமாறிச்சு. 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி இணைஞ்சோம். பிரெஞ்சுக் குடிமகனா, இந்தியனான்னு அப்போ முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டுல அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

14/ அந்தக் கதையெல்லாம் சரித்திரப் புத்தகத்துல முழுசா இல்ல. பின்பக்கம் பிரெஞ்சுல ஏதோ கிறுக்கின, ஓரம் மடங்கின போட்டோவுல இருக்கு. 1962-ல இருபது வயசா இருந்தவங்க இப்போ எண்பதைத் தாண்டிட்டாங்க. பிள்ளைங்க பாரிஸ்ல, பேரன் பேத்திக்குத் தமிழ் பாதிதான் புரியும். அந்தப் படத்துல நிக்கிற ஆள் யாருன்னு சொல்ல இன்னும் எத்தனை பேர் மிச்சம்?

15/ செயின்ட் லூயி வீதியில இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தோட அழிவில் உள்ள ஆவணங்கள் திட்டத்தின் உதவியோட, பழைய தமிழ் ஸ்டுடியோ போட்டோக்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கு. நல்ல காரியம். ஆனா எந்த நிறுவனமும் உங்க வீட்டுப் பரண் மேல ஏறாது. படத்தை ஸ்கேன் பண்ண மெஷின் இருக்கு. "இது எங்க சின்னத்தாத்தா, கோவிச்சுக்கிட்டுக் கப்பல் ஏறினவர்"னு சொல்ல வீட்டு ஆள்தான் வேணும்.

16/ நம்ம ஊர்க் காத்தும் மழையும் போட்டோவுக்கு ஆகாது. 2011-ல தானே, 2024-ல ஃபெஞ்சல். ஃபெஞ்சல்ல ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல கொட்டித் தீர்த்தது, வீட்டுக்குள்ள தண்ணி. நனைஞ்ச போட்டோ ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டா இழுத்துப் பிரிக்காதீங்க. சுத்தமான குளிர்ந்த தண்ணியில ஊறவிட்டு மெதுவாப் பிரிச்சு, படம் மேல இருக்கிற மாதிரி நிழல்ல காயவைங்க. அதைவிட, புயலுக்கு முன்னாடியே ஒரு நகல் எடுத்து வைங்க.

17/ சரி, எப்படி ஆரம்பிக்கறது? நாலஞ்சு பேர் போதும். அம்மாவோட பழைய ஸ்கூல் தோழிகள், அப்பாவோட ஆபீஸ் நண்பர்கள், வெளிநாட்டுல இருக்கிற சித்தி. ஒரு வாட்ஸ்அப் குரூப். ஒரே விதி: குட்மார்னிங் படம் கூடாது, அரசியல் கூடாது. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பக்கம். ஒரு போட்டோ, மூனு வரி. மத்தவங்க கேள்வி கேட்கணும்.

18/ போட்டோவை வாசல் திண்ணை வெளிச்சத்துல, நேர் வெயில் படாம வச்சு எடுங்க. பளபளன்னு ஒளி அடிச்சா கூகுளின் போட்டோஸ்கேன் மாதிரி செயலி உதவும். ஒட்டும் தாள் ஆல்பத்துல இருந்து பிய்ச்சு எடுக்காதீங்க, கிழியும். பக்கத்தோட அப்படியே எடுங்க. பின்பக்கத்தையும் மறக்காம எடுங்க. ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

19/ பக்கம் அமைக்க கேன்வா மாதிரி செயலி போதும், தமிழ் எழுத்தும் கிடைக்கும். டைப் பண்ண வராதா? கீபோர்டுல மைக்கை அமுக்கித் தமிழ்ல பேசினா அதுவே எழுதும். தப்புத் தப்பா எழுதினா அதைத் திருத்தறதும் ஒரு பயிற்சிதான். அதுவும் முடியலைன்னா குரலைப் பதிவு பண்ணி வைங்க. ஒருநாள் அந்தக் குரலுக்கு நீங்க என்ன விலை வேணும்னாலும் கொடுப்பீங்க.

20/ மூனு வரியில என்ன எழுதணும்? முதல் வரி: யார், எங்கே, ஏறக்குறைய எந்த வருஷம். ரெண்டாவது: படத்துல தெரியாத ஒன்னு. யார் போட்டோ எடுத்தது, அன்னைக்கு என்ன சமைச்சாங்க, யார் ஏன் வரல. மூனாவது: இப்போ பார்த்தா என்ன தோணுது. பூ டிசைனும் மின்னல் நட்சத்திரமும் அப்புறம் பார்த்துக்கலாம்.

21/ எதுவும் தோணலைன்னா ஊரையே பிடிச்சுக்கோங்க. பாண்டியில மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியோட படம் எடுத்துக்காத வீடு உண்டா? 2022 நவம்பர் 30-ல அவ போயிட்டா. 2014 நவம்பர் மழையில இடிஞ்ச பழைய மேரி கட்டடத்துக்கு முன்னாடி நின்ன படம் யார்கிட்டயாவது இருக்கும். இப்போ நிக்கறது திரும்பக் கட்டினது. ஒருத்தர் போட்டா போதும், குரூப்ல மத்தவங்களும் தேட ஆரம்பிச்சுடுவாங்க.

22/ ரெண்டு எச்சரிக்கை. ஒன்னு, ஆன்லைன்ல அன்பாப் பேசறவங்க எல்லாரும் நல்லவங்க இல்ல. தெரிஞ்சவங்க மட்டும் இருக்கிற குரூப்பா வைங்க. ஓ.டி.பி., ஆதார், பாங்க் பாஸ்புக் எதுவும் படத்துல விழக்கூடாது. அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைங்க படத்தைக் கேட்காம போடக்கூடாது. பணம் போச்சுன்னா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

23/ ரெண்டாவது ரொம்ப முக்கியம். ஏற்கனவே மறதி வந்தவங்ககிட்ட ஆல்பத்தைப் பரீட்சைத்தாள் ஆக்காதீங்க. "இது யாரு சொல்லு பார்ப்போம்? என்னையே தெரியலையா?" ஓ.பி.யில என் கண்ணு முன்னாடியே இது நடக்கும். அந்தம்மா முகம் அப்படியே சுருங்கிப் போயிடும். நீங்களே சொல்லுங்க: "இது உங்க அக்கா, நெல்லித்தோப்பு வீட்டுல எடுத்தது, பாவாடை சட்டை எவ்வளவு அழகா இருக்கு." அவங்க பேசினா கேளுங்க. தப்பாச் சொன்னாலும் திருத்தாதீங்க. அழுதா, மூடி வச்சுட்டுக் கையைப் பிடிச்சுக்கோங்க.

24/ "இந்த வயசுல எதுக்குப் போன், கண்ணுதான் கெடும்"னு ஒரு கூட்டம் சொல்லும். ஒரு நாள் முழுக்க ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே இருந்தா நானும் அதையேதான் சொல்வேன். ஆனா அதே போன்ல தன் வாழ்க்கையைத் தானே வரிசைப்படுத்தற மனுஷனையும் அதோட சேர்த்து எண்ணாதீங்க. முன்னது வேடிக்கை பார்க்கறது. பின்னது வேலை செய்யறது. சொல்லப்போனா, ஓய்வு பெத்ததுக்கு அப்புறம் "நீங்க சொன்னாத்தான் தெரியும்"னு யாராவது தன்கிட்ட வந்து நிக்கிற முதல் வேலை அதுவாத்தான் இருக்கும்.

25/ கடைசியா, செஞ்ச பக்கங்களைப் போன்ல மட்டும் விட்டுடாதீங்க. போன் தொலையும், பாஸ்வேர்டு மறக்கும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படத்தோட தரம் குறையும், டாக்குமெண்டா அனுப்புங்க. ஒரு பிரதி கூகுள் டிரைவ்ல, ஒரு பிரதி பென் டிரைவ்ல. வருஷத்துக்கு ஒரு தடவை இருபது பக்கத்தைப் போட்டோ லேப்ல பிரிண்ட் போட்டு ஹால்ல வைங்க. வர்றவங்க புரட்டட்டும்.

26/ இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு போட்டோ. பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். எடுத்து நீட்டி "இது எங்கே எடுத்தது?"ன்னு மட்டும் கேளுங்க. சொன்னதைப் பின்பக்கம் பென்சிலால மெதுவா எழுதுங்க, பேனா வேண்டாம், மை ஊறும். நாளைக்கு அதையே போன்ல எப்படி ஏத்தறதுன்னு அவங்களுக்குக் காட்டுங்க. எங்ககிட்ட மறதிக்கு மாத்திரை இருக்கு. மறந்துபோன பேரைத் திருப்பித் தர மாத்திரை இல்ல.

உங்க வீட்டுப் பழைய படம் ஒன்னையும், அதுக்கான மூனு வரியையும் கீழே போடுங்க. ட்யூட்டி முடிஞ்சு வந்து ஒவ்வொன்னாப் படிக்கிறேன்.

— அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்., புதுச்சேரி