தறிக்குழி இல்லாத வீடு எவருக்கு?

தேவாரம் திருநணா எனப் போற்றும் பவானியில், சங்கப் புலவர் வானியென வழங்கிய ஆறு காவிரியிற் கலக்கிறது. கூடுதுறை என்னும் இனிய தமிழ்ப்பெயரை மக்கள் இன்றும் கைவிட்டாரில்லை. அதனை அடுத்த ஆற்றோரத் தெருக்களில் நெசவாளரும் கூலித் தொழிலாளரும் நெடுங்காலமாகக் குடியிருக்கின்றனர். 2018-இலும் (தி.பி. 2049) 2022-இலும் ஆடி ஆவணி வெள்ளத்தின்போது மேட்டூர் அணையினின்று நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. கந்தன் பட்டறை முதலிய கரையோரப் பகுதிகளில் வீடுகளுள் நீர் புகுந்தது. மக்கள் பள்ளிகளிலும் திருமணக் கூடங்களிலும் தங்கினர்.

வெள்ளம் வடிந்ததும் ஒரே பேச்சுத்தான் எழும்: ஆற்றோரத்தாரை வேறிடத்திற்கு மாற்றிவிட வேண்டும் என்று. மாற்றலாம். உயிருக்கு ஊறு நேரும் இடத்திலேயே கிடப்போம் என்று எவர்தாம் விரும்புவர்? ஆயின் எங்கே, எத்தகைய வீட்டிற்கு, எவரைக் கேட்டு மாற்றுவது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் அடிக்கல் நாட்டுவதே நம் நாட்டு வழக்கமாகிவிட்டது.

பவானிச் சமுக்காளம் புவிசார் குறியீடு பெற்ற நெசவு. அது குழித்தறியில் உருவாவது. குழி நிலத்திலே தோண்டப்படும். நெய்பவர் கால்களை அதனுள் இறக்கி மிதியை மிதிப்பார். அகன்ற விரிப்பாயின் இருவர் அருகருகே அமர்ந்து நெய்வர். இத்தறியை மூன்றாம் மாடியில் எங்கே வைப்பது? கீழ்வீட்டாரின் தலைக்குமேலா குழி தோண்டுவது? கேட்போர் நகைக்கலாம். ஆனால் நெசவாளிக்கு வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. தறியைப் பறித்துவிட்டு அவனுக்குத் தரும் சுவரும் கூரையும் எத்துணை உறுதியானவை ஆயினும், அவன் அடுப்பு எரிவதற்கு அவை வழி செய்யா.

தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-இல் தோன்றியது. அதற்குரிய சட்டம் 1971-இல் வந்தது. நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. 1977 முதல் உலக வங்கிக் கடனில் சென்னை அரும்பாக்கத்திலும், பின்னர் வில்லிவாக்கம், கொடுங்கையூர்ப் பகுதிகளிலும் வேறொரு முறை ஆளப்பட்டது. அரசு மனையும் நீரும் கழிவு வழியும் தந்து ஒதுங்கிக்கொண்டது. வீட்டை அவரவர் தம் கைப்பொருளுக்கேற்ப எழுப்பிக்கொண்டனர். முதலில் ஓலை, பின்னர் ஓடு, அதன்பின் மாடி என அவை வளர்ந்தன. கடன் கொடுத்தவன் அயலான் ஆயினும் கட்டியவன் தமிழன். தன் தேவையைத் தானே அளந்தவன்.

அவ்வழி தொடரவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் சென்னை ஏழையர் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் கூட்டங் கூட்டமாகப் பெயர்க்கப்பட்டனர். வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள் பலர் தொலைவின் கரணியமாகவே வேலையை இழந்தனர். மன்னனையே கேள்வி கேட்டவள் கண்ணகி! எக்கேள்வியும் கேட்க இடம் பெறாத மக்களின் ஊருக்கு அவள் பெயரைச் சூட்டியவர், அப்பொருத்தத்தை எண்ணிப்பார்த்தனரோ இல்லையோ!

கேட்டுக் கட்ட இயலும் என்பதற்குச் சோழநாட்டுக் கடற்கரையே சான்று. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கட்டட வல்லுநர் பென்னி குரியாகோசின் துணையோடு வீடுகள் கட்டியது. குடும்பங்களோடு கலந்து பேசியே வீட்டமைப்புகள் முடிவாயின. வேறு சில குப்பங்களிலோ, நிழல் தந்த மரங்களை வீழ்த்திவிட்டு, ஒரே அச்சில் வார்த்த கற்காரைப் பெட்டிகளை வரிசையாய் நிறுத்தினர். இரண்டும் அறப்பணியே என்பர். வாழ்ந்து பார்ப்பவர்க்குத்தான் வேறுபாடு தெரியும்.

இனி மொழிக்கு வருவோம். மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. நல்ல பெயர். பெயர்ப்பலகை தமிழாயிற்று; வரைபடம் தமிழாயிற்றா? 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாட்டில், ஏழையின் வீட்டு வரைபடத்தில் அறைகளின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. படிக்க இயலாத தாளைக் காட்டி, "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பது கேலியன்றி வேறென்ன? கொங்குநாட்டுப் பெண்ணிடம் ஆசாரம் எவ்வளவு, அட்டாலி எங்கே, பொடக்காலி எப்பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். விடை மளமளவென்று வரும். சேரி என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. சேர்ந்து வாழுமிடம் என்பதே அதன் பொருள். பண்டை நூல்களில் அதற்கு இழிவில்லை. மக்களைத் தாழ்த்தியவர் சொல்லையும் தாழ்த்தினர்.

கேட்டல் எளிய பணியன்று. ஊர்க்கூட்டம் கூட்டினால் நான்கு பெரியவர் பேசுவர். நாற்பது பெண்கள் வாய்மூடி நிற்பர். வீட்டுக்காரன் குரல் ஓங்கும், வாடகைக்கு இருப்பவன் குரல் அமுங்கும். சாதியோ கேளாமலே முன்வரிசையில் வந்து அமர்ந்துகொள்ளும். இவற்றைச் சாக்காகக் கொண்டு அலுவலரே எல்லாம் முடிவு செய்வதாயின், பட்டா இல்லாதவன் என்றென்றும் பட்டியலில் ஓர் எண்ணாகவே நிற்பான். நகர்ப்புறப் பகுதி அவைகளுக்கு 2022-இல் விதிகள் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் அவை கூட்டப்பட்டன. பவானி ஆற்றோரத் தெருக்களின் பகுதி அவை வரைபடம் முடிந்தபின் கைதட்டுவதற்குக் கூடாமல், வரைகோல் தாளைத் தொடுமுன் கூடுதல் வேண்டும். பெண்கள் தனியே பேச ஒரு நாளும், தறிக்காரர் பேச ஒரு நாளும் ஒதுக்கப்படல் வேண்டும். வெள்ளம் எம்மட்டம் ஏறியது என்பதை அளவுகோலைவிட அவர்கள் வீட்டுச் சுவர்க்கறை நன்றாகச் சொல்லும், அதனையும் குறித்துக்கொள்ளலாம்.

தாளில் வரைந்ததைப் படிக்க வராதவர்க்கும் வழியுண்டு. கடைக்கால் தோண்டுமுன் கொத்தர் நூல் பிடித்துத் தரையில் சுண்ணப்பொடி தூவுவர். அதுபோல் முழுவீட்டையும் முழு அளவில் வெறுந்தரையில் கோடிட்டுக் காட்டட்டும். வீட்டுக்காரி அதனுள் நடந்து பார்த்து அடுப்பிடத்தைச் சொல்லட்டும். நெசவாளி தறிக்குழியைக் காலால் கீறிக் காட்டட்டும். அதற்குப்பின் பொறிஞர் அளவெடுக்கட்டும்.